சாவிக் கொத்தோடு சேர்த்து

லைல், அந்தப் பெயின்ட் டப்பாமேல் உட்கார்.
பத்திரம் பிறகு.
முதலில் இந்தக் கொதிகலனைப் பார்.
டுலூத்தில் வீடு வாங்குகிறவன்
சுவரை வாங்குவதில்லை, இதைத்தான் வாங்குகிறான்.
ஜனவரி இரவில் இது நின்றுபோனால்
குடியிருப்பவர் உன்னை அழைக்கும் முன்பே
குழாய் அழைத்துவிடும்,
சுவருக்குள்ளிருந்து, டப்பென்று.

பதினோரு வருஷம் கீழ்த்தளத்தில் இருந்தாய்.
முதல் தேதி காலை உன் உறை
என் கதவிடுக்கில் விழும்.
தாமதம் இரண்டே முறை:
தாதுக் கப்பல் வராமல் உன்னை வீட்டுக்கு அனுப்பிய மாதம்,
ஜோஆனை அடக்கம் செய்த மாதம்.
நான் கேட்கவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல.
ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில்
ஒதுக்கி வைத்திருந்தேன், அதனால்.
கையில் காசில்லாத வீட்டுக்காரிக்கு
இரக்கம் கட்டுப்படியாகாது.

வங்கியில் உன்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்களா?
எனக்கும் பிதுக்கினார்கள், தொண்ணூற்றெட்டில்,
டெட் விட்டுப்போன மறுமாதம்.
மூன்று வங்கிப் படியேறி
நாலாவதாய் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம்.
அங்கிருந்த பெண் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"மாடியில் நீங்களே குடியிருப்பீர்களா?"
ஆமாம் என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு வட்டி இறங்கியது.
கீழ்வீட்டு வாடகை என் தவணையைத் தூக்கிக்கொண்டது.

சரி, கணக்குக்கு வருவோம்.
இனி உன் வங்கி நான்.
முன்பணம் பத்தில் ஒரு பங்கு,
மீதி பதினைந்து வருஷத் தவணை, வட்டி ஐந்து.
முடியும்போது எனக்கு எழுபத்தாறு.
இடையில் நான் போய்விட்டால் என் மகள் வாங்கிக்கொள்வாள்;
அவள் என்னைவிடக் கறார்.
எல்லாம் வக்கீல் எழுதியது.
முகம் சுருக்காதே.
நட்பு மிஞ்ச வேண்டுமென்றால்
கணக்கு காகிதத்தில் இருக்க வேண்டும்.

மாடி வாடகை ஆயிரத்து நூறு.
பன்னிரண்டால் பெருக்குகிறாய், உதடு அசைகிறது.
பதினொன்றால் பெருக்கு.
ஒரு மாதம் காலியாகத்தான் கிடக்கும் என்று வை.
அதில் சொத்துவரி போகும், காப்பீடு போகும்,
பனி அள்ளுகிறவனுக்கு, குழாய் கென்னிக்கு,
கூரைக்கென்று ஒரு பிடி.
கடைசியில் மிஞ்சுவதை லாபம் என்று நினைத்துப்
படகு வாங்கிவிடாதே.
அது அடுத்த கொதிகலன்,
துளித் துளியாய்ச் சேர்கிறது.

இன்னொன்று.
சாவி உன்னிடம் இருக்கிறது என்பதற்காகக்
கதவு உன்னுடையதாகிவிடாது.
ஒரு நாள் முன்னதாகச் சொல், எழுதிச் சொல்,
அப்புறம் தட்டு.

நான் ஒரு முறை தட்டாமல் திறந்தேன்.
உன் வீட்டைத்தான்.
ஜோஆன் படுக்கையில் கிடந்த மார்ச்சில்,
குளியலறைக் கூரையில் கசிவு என்று
கென்னியையும் கூட்டிக்கொண்டு.
நீ கட்டிலடியில், தரையில்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாய்.
அவள் விழித்திருந்தாள்.
உதட்டின்மேல் விரல் வைத்துக் காட்டினாள்.
கதவைச் சாத்திவிட்டு மேலே போய்
என் தண்ணீரை அடைத்தேன்.
ஒன்பது நாள்
எதிர்வீட்டு நூர்மிலாவிடம் குளித்தேன்.
உனக்கு இதுவரை சொன்னதில்லை.
பத்திரத்திலும் இல்லை.

மாடிக்கு யார் வருவது என்று
நீ இன்னும் கேட்கவில்லையே?
நான்தான். எங்கே போவேன்,
இந்த ஏரி தெரிகிற ஜன்னலை விட்டு?
தெரிந்தவள்தானே என்று சலுகை காட்டாதே.
பழைய வீட்டுக்காரரிடம் விசாரி என்பார்கள்,
அதற்கு மட்டும் வழியில்லை.
முன்வைப்புத் தொகை வாங்கு,
அதைத் தொடாமல் தனியாகப் போடு, அது என் பணம்.
ஒவ்வொரு அறையையும் படமெடுத்துத் தேதி போடு.

இந்தா, ஒன்பது சாவி.
சின்னது எதைத் திறக்கும் என்று
எனக்கும் தெரியாது. தொலைக்காதே.

கையெழுத்து இங்கே. இங்கேயும்.

அந்த ஏரிப்பக்க ஜன்னல்
இருபது வருஷமாய்க் காற்று விடுகிறது.
செலவென்று நான் தொடவே இல்லை.
திங்கட்கிழமை எழுத்தில் புகார் தருகிறேன்.